பி.டி. ராஜன் சாலையில் ஒரு உட்ஸ்டாக்

கோடை பிறந்தால் வெள்ளைக்காரர் கூடாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாட்டுக் கேட்கக் கிளம்பிவிடுகிறார். சென்னை கே.கே. நகர்வாசி ஏ.சி. மெக்கானிக்கின் எண்ணைத் தேடுகிறார். இதை வைத்துக் கே.கே. நகருக்கு ரசனை குறைவு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ். அந்த வெயிலில் திறந்த மைதானத்தில் கிடாரை எடுத்தால் தந்தியும் இளகும், வாசிப்பவரும் இளகுவார். கேட்பவர் ஏற்கெனவே இளகிப் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒட்டியிருப்பார்.

மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கினால் மாதக் கடைசி வரை இந்தப் பேட்டையில் திறந்தவெளியில் நடக்கும் ஒரே நிகழ்ச்சி, மொட்டை மாடியில் வடாம் காய்வதுதான்.

அவர்களுடைய கோடை வேறு ரகம். ஜூன் கடைசியில் இங்கிலாந்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். லண்டனில் வேலை பார்க்கும் பையன் ஒருவனிடமிருந்து அப்படியொரு ஜூனில் கே.கே. நகருக்கு ஒரு படம் வந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பூட்ஸ் முழுக்கச் சேறு, முகத்தில் மட்டும் பரவசம். படத்தைப் பெற்றவர் அவனுடைய சித்தப்பா. அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இனி இந்தக் கட்டுரை முழுக்க அவர் சித்தப்பாதான்.

"என்னடா, நாத்து நடப் போனியா?"

"இல்ல சித்தப்பா, கிளாஸ்டன்பரி. மியூசிக் ஃபெஸ்டிவல். டிக்கெட் கிடைச்சதே பெரிய விஷயம்."

"காசு குடுத்தா சேத்துல நிக்கிற?"

காசு கொடுத்துத்தான் நிற்கிறார்கள். சித்தப்பா கணக்குப் பார்த்த மனிதர், ஒரு விஷயம் கையில் கிடைத்தால் அடி வரைக்கும் தோண்டுவார். சோமர்செட் மாவட்டத்துப் பில்டன் கிராமத்தில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் தம் நிலத்திலேயே இந்த விழாவைத் தொடங்கினார் என்று கண்டுபிடித்தார். அப்போது நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. வந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர். பண்ணைப் பால் இலவசம். இன்று இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள், பாலைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை பெய்தால் நிலம் களியாகிவிடும். அது கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை, அதையும் விழாவில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை புல்லுக்கும் மாட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்று விழாவையே நிறுத்திவைப்பார்கள். 2026 அப்படி ஓய்வு கொடுத்த வருடம்.

இந்தக் கடைசித் தகவலைச் சித்தப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த மைதானம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. ஜனவரியில் அங்கே புத்தகக் காட்சி. மற்ற மாதங்களில் பொருட்காட்சி, கூட்டம், கச்சேரி. 2019 பிப்ரவரியில் இளையராஜாவின் 75ஆம் வயதுக் கொண்டாட்டம் அங்கேதான் இரண்டு நாள் நடந்தது. அந்த மைதானத்துப் புல் ஓய்வு கேட்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. புல்லைப் பார்த்ததாகவும் ஞாபகம் இல்லை.

அடுத்து உட்ஸ்டாக்கைத் தோண்டினார். 1969 ஆகஸ்ட் 15, நியூயார்க் மாநிலத்தின் பெத்தல். மேக்ஸ் யாஸ்கர் என்பவருடைய நிலம். அதுவும் பால்பண்ணை! மூன்று நாளுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர். வேலி போட்டு முடிப்பதற்குள் ஜனம் வந்துவிட்டதால் கடைசியில் விழாவை இலவசம் என்று அறிவிக்கும்படி ஆயிற்று. நாலு லட்சத்துக்கு மேல் கூட்டம். சாலையெல்லாம் அடைத்துக்கொண்டதால் பாடகர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி மேடைப் பக்கம் இறக்கினார்கள். அப்படி ஹெலிகாப்டரில் வந்து இறங்கிக் கூட்டத்துக்கு ஆசியுரை வழங்கிய தாடிச் சாமியார், கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்.

"பாத்தியா? நாம இல்லாம அங்க ஒண்ணும் நடக்கல" என்று சித்தியிடம் சொன்னார் சித்தப்பா. சித்திக்கும் செட்டிப்பாளையத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அன்று காபியில் சர்க்கரை கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

அதே முதல் நாள் இரவு மழையில் சிதார் வாசித்தவர் ரவிசங்கர். சேற்றில் கிடந்த கூட்டத்தைப் பார்த்தபோது நம் ஊர் எருமைகள்தாம் நினைவுக்கு வந்தன என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவின் நாற்று நடவுக் கேள்வி அவ்வளவு மோசமில்லை என்று இதன் மூலம் நிரூபணமாயிற்று.

இனி நம் ஊரிலும் ஒரு திறந்தவெளி விழாவைப் பார்த்தே தீருவது என்று அவர் முடிவு செய்தார். பால்பண்ணைக்குத்தான் எங்கே போவது? கே.கே. நகரில் ஆவின் பூத்தோடு சரி.

வசதி பண்ணிக் கொடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையில் பெரிய டிக்கெட் கச்சேரி என்றால் ஒன்று நந்தனம், இல்லையென்றால் ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது ஒரு தனியார் திடல். 2023இல் பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்ததை ஊரே அறியும். ஆகஸ்ட் 12 அன்று நடந்திருக்க வேண்டியது, மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். முதலமைச்சரின் வாகன அணிகூட அந்த நெரிசலில் மாட்டியது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார், பிறகு பலருக்குப் பணம் திரும்பியது. சித்தப்பா அதற்குப் போகவில்லை. தொலைக்காட்சியில் அந்த நெரிசலைப் பார்த்து, "டிக்கெட் கிடைக்காம போனது குலதெய்வம் பண்ண உபகாரம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த வேறொரு கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். மனித சுபாவம்.

அந்த டிக்கெட்டுகளின் பெயர்களைக் கேட்டால் கச்சேரிக்கா, நகைச் சீட்டுக்கா என்று சந்தேகம் வரும். சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட். சித்தப்பா எடுத்தது கோல்டு. வாசலிலிருந்து வெகு தூரம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, பாதி வழியில் செருப்பு வார் அறுந்து, சித்தி ஒரு கையில் செருப்பையும் மறு கையில் கைப்பையையும் பிடித்தபடி நுழைந்தார். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே அதே தண்ணீர் வேறு விலையில் வேறு பாட்டிலில் இருந்தது. கைப்பையின் அடியில் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த முறுக்கு மட்டும் எல்லாச் சோதனையிலும் தேறியது.

கோல்டு வரிசையிலிருந்து மேடை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மேடையில் நிற்பவர் பாடகரா, விளக்குப் போடுகிறவரா என்பது தெரியாது. அதற்காக இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை. இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் பண்ணி வந்து எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற இளைஞர்கள் திரையைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். சித்தப்பா அந்தக் கைபேசிகளைப் பார்த்தார். கச்சேரி முடிந்ததும் வண்டி நிறுத்திய இடத்தைத் தேடித் தேடிக் கால் வீங்கி, கே.கே. நகர் வந்து சேர்ந்தபோது பூத் வாசலில் ஆவின் பால் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பால் தொடர்பு கிடைத்துவிட்டது என்று சித்தப்பா திருப்திப்பட்டுக்கொண்டார்.

இதில் உறைக்கிற விஷயம் வேறு. அன்று மேடையில் பாடிய பாட்டுகளில் பெரும் பகுதி எங்கே பிறந்தவை? இளையராஜா நாற்பது வருடங்களுக்கு மேல் ஒலிப்பதிவு செய்த பிரசாத் ஸ்டுடியோ பக்கத்துச் சாலிகிராமத்தில். ஏவி.எம். வடபழனியில். ரகுமான் 1989இல் தொடங்கிய பஞ்சதன் கோடம்பாக்கத்தில். கே.கே. நகர்வாசி சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒலிப்பதிவான பாட்டுகளை, ஆயிரக்கணக்கில் கட்டி ஈ.சி.ஆருக்குப் போய்க் கேட்பது, சொந்த வீட்டில் மாவரைத்துக் கொடுத்துவிட்டு அதே இட்லியைச் சாப்பிட மாமல்லபுரம் போவது மாதிரி. ஒரு காலத்தில் இந்தப் பேட்டைகளின் டீக்கடைகளில் வயலின் பெட்டியோடு நிற்பவர்களைப் பார்ப்பது சாதாரணம். அவர்கள் டீ குடித்துவிட்டு உள்ளே போய் வாசித்ததுதான் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. அதற்கெல்லாம் டைமண்ட் டிக்கெட் யாரும் கேட்கவில்லை.

தை மாதம் வந்தது. வாசலுக்கே விழா வந்தது.

2007இல் தொடங்கி, சில வருடங்கள் நடந்து, 2011க்குப் பிறகு நின்றுபோன சென்னை சங்கமம், 2023 பொங்கலுக்கு 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு திரும்பியது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று ஊர் முழுக்க மேடை. கே.கே. நகர் சிவன் பூங்காவும் அதில் ஒன்று. டிக்கெட் கிடையாது. வேலி முடிக்காததால் இலவசமாக்கிய உட்ஸ்டாக் போல இல்லாமல் முதலிலேயே இலவசம்.

சிவன் பூங்காவின் நிரந்தரக் குடிமக்கள் நடைப்பயிற்சிக்காரர்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று ஆளுக்கொரு காரணம், பாதை ஒன்றுதான். சங்கமத்தன்றும் அவர்கள் சுற்றை விடவில்லை. பறை அதிரத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கமாகத் தள்ளாடி நடக்கும் பெரியவர்களின் நடை தாளத்தோடு சேர்ந்துகொண்டது. அடி வேகமாக விழ விழ, அவர்களும் வேகமாக. சித்தப்பாவின் கைக்கடிகாரம், ஒரு நாள் இலக்கு முடிந்துவிட்டதாக மாலை ஆறரைக்கே பாராட்டுத் தெரிவித்தது. மருத்துவர்கள் எழுதித் தர மறந்த வைத்தியம்.

அப்புறம் கரகாட்டம், பொய்க்கால் குதிரை, நையாண்டி மேளம். குதிரைக்காரர் நேராகக் குழந்தைகளின் கூட்டத்துக்குள் பாய, பாதிக் குழந்தைகள் சிரித்தன, மீதிக் குழந்தைகள் அலறின, இரண்டு தரப்பையும் பெற்றோர் வீடியோ எடுத்தார்கள். உணவுக் கடைகளில் வரிசை. ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் பஜ்ஜித் தட்டு. கரகாட்டக்காரர் குனிந்து கண் இமையால் ஊசி எடுக்கும்போது கை தட்ட வேண்டுமே! மூன்றாவது கை இல்லாத குறையைக் கே.கே. நகர் அன்று முழுமையாக உணர்ந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கைதட்டல் சன்னமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குக் காரணம் பஜ்ஜி, அலட்சியம் இல்லை என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னங்க, இது கிளாஸ்டன்பரி மாதிரி இருக்கா?" என்று கேட்டார் சித்தி.

"சேறுதான் இல்ல" என்றார் சித்தப்பா, கொஞ்சம் ஏக்கத்தோடு.

சேற்றுக்குப் பதில் மணல் வேண்டுமென்றால் பெசன்ட் நகர் போகலாம். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் மீனவ மக்களோடு சேர்ந்து ஒரு விழாவைத் தொடங்கினார்கள். பறையும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில். மயிலாப்பூர் சபாவின் குளிரூட்டிய அரங்கில் போர்வை போர்த்திக் கேட்டுப் பழகியவர்கள், பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு மணலில் உட்காரப் பழகினார்கள். சபாவில் கச்சேரி நடுவே கேன்டீன் வாசனை வரும், இங்கே கருவாட்டு வாசனை. முதலில் சிலர் மூக்கைச் சுளித்திருக்கலாம். தனியாவர்த்தனம் வந்ததும் மூக்கு சும்மா இருந்தது, காதுக்கு வேலை வந்துவிட்டதே.

உண்மையான கோடைக்கு மயிலாப்பூர் வைத்திருக்கும் பதில் பங்குனிப் பெருவிழா. கபாலீசுவரர் கோயிலில் பத்து நாள். எட்டாம் நாள் அறுபத்துமூவர். கிளாஸ்டன்பரியில் ஜனங்கள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குச் சேற்றில் ஓடுகிறார்கள். மாட வீதியில் நாம் நின்ற இடத்தில் நிற்கலாம், மேடைதான் நகர்ந்து வரும். சுவாமிக்கு முன்னால் நாகசுரமும் தவிலும் மல்லாரியை வாசித்துக்கொண்டே வர, வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், பானகம், தொன்னையில் புளியோதரை. பாட்டிலைப் பிடுங்குகிற ஆள் எவரும் இல்லை. 'வேண்டாம்' என்று சொன்னாலும் இன்னொரு தம்ளர் மோரைக் கையில் திணிப்பார்கள். திறந்தவெளியில் நடந்துகொண்டே பெரிய வித்வான்கள் வாசிப்பதை இலவசமாகக் கேட்க இவ்வளவு நல்ல ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நாகசுரக்காரருக்கு மட்டும் ஒரு நாற்காலி கிடைப்பதில்லை, மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

ஆனால் சித்தப்பா தேடிய விழா, அதாவது கோடை, புழுக்கம், கூட்டம், சத்தம், சேறு எல்லாம் ஒருங்கே சேர்ந்த விழா, ஆடி மாதத்தில் கே.கே. நகர் பி.டி. ராஜன் சாலையை விட்டுப் பிரியும் ஒரு சந்தின் முனையில் அம்மன் கோயில் வாசலில் நடந்தது.

மதியம் கூழ் ஊற்றினார்கள். சாயங்காலம் தெருவை அடைத்து மேடை. மேடைக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்குச் சீரியல் பல்பில் அம்மன், கையில் சூலம் விட்டு விட்டு எரிகிறது. மின்கம்பந்தோறும் குழாய் ஸ்பீக்கர். ஆறு மணியிலிருந்து "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். நாலு வராது. எந்த ஊர்க் கச்சேரியிலும் நாலு வந்ததில்லை. ஆட்டோக்காரர்கள் திரும்பிப் போகும்போது திட்டிவிட்டுப் போனார்கள், இறக்கிவிட்ட சவாரி அங்கேயே நின்று பாட்டுக் கேட்டது.

இந்த மேடையை அற்பமாக நினைத்துவிட வேண்டாம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பிகளோடு ஊர் ஊராகத் திறந்தவெளியில் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியபோது, அந்தத் தம்பிகளில் ஒருவர்தாம் பிற்பாடு இளையராஜா ஆனார். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இளைஞராக இருந்தபோது நடத்திய மெல்லிசைக் குழுவில் அதே சகோதரர்கள் வாசித்தார்கள். கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே லஷ்மன் சுருதி குழு வளர்ந்து, திருவிழா மேடையிலிருந்து சபா மேடைக்கே போய் 'சென்னையில் திருவையாறு' என்று டிசம்பர் விழா நடத்தும் அளவுக்கு வந்தது. தெருமுனைக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கும் பையனை யாராக இருந்தாலும் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பது நல்லது. பத்து வருடம் கழித்து அவனுக்கு டைமண்ட் டிக்கெட் எடுக்க வேண்டி வரலாம்.

முறை மாறாமல் முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்த இரண்டு அம்மனுக்கு. நாலாவது பாட்டின் பல்லவியில் கச்சேரி நின்றது. வட்டச் செயலாளருக்குப் பொன்னாடை. மறுபடி பல்லவி. மறுபடி நின்றது. மின்விளக்கு உபயதாரருக்குப் பொன்னாடை. பாடகர் சலித்துக்கொள்ளவே இல்லை, விட்ட இடத்தில் சரியாக எடுத்தார். சபா வித்வான்களுக்கு இந்தத் திறமை தேவைப்பட்டதே கிடையாது. பிறகு நேயர் விருப்பச் சீட்டுகள். எம்.ஜி.ஆர். பாட்டுக்குப் பதினைந்து சீட்டு, புதுப் படப் பாட்டுக்கு அதைவிட அதிகம். ஒரு சீட்டில் பாட்டே இல்லை, 'நீல நிறச் சைக்கிளை நகர்த்தவும்' என்று இருந்தது. பாடகர் அதையும் மைக்கில் வாசித்தார்.

எட்டரை மணிக்கு ஆடி மழை சடசடவென்று கொட்டியது. கூட்டம் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நின்றது. டிரம்ஸ் மேல் தார்ப்பாயை இழுத்தார்கள், டிரம்மர் அதற்குள்ளிருந்தே வாசித்தார். மெட்ரோ குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, மண் கரைந்து, தெரு சேறாயிற்று. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் நின்றபடி ஒரு செல்ஃபி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "சித்தப்பா, எங்க இருக்கீங்க? டிக்கெட் எவ்ளோ?"

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோந்து வண்டி ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. அந்தத் தவிலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் 55 டெசிபலில் ஒலித்தது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, கூழ் காய்ச்சிய அடுப்பு ஒருவேளை இருக்கலாம். தளர்வு இந்தத் தெருவுக்கு உண்டா இல்லையா என்று காவலரும் விழாக் குழுத் தலைவரும் பேசி முடிக்க ஒரு முழுப் பாட்டின் நேரம் ஆயிற்று. குழு அந்தப் பாட்டைப் பாடி முடித்தது. காவலரும் கடைசிச் சரணம் வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

சித்தப்பாவின் தீர்ப்பு இது: ஈ.சி.ஆருக்கு இனி டிக்கெட் எடுப்பதாக இல்லை. தைக்குச் சிவன் பூங்கா, பங்குனிக்கு மாட வீதி, ஆடிக்குச் சந்து முனை. சித்தியின் திருத்தம்: சந்து முனைக்குப் பழைய செருப்பு.

வரும் ஜூலை மத்தியில் ஆடி பிறக்கிறது. வர நினைப்பவர்கள் ஆறரைக்கே வந்துவிடுங்கள். நாற்காலி விழாக் குழுவே போட்டுவிடும். முதல் வரிசையில் மட்டும் உட்கார வேண்டாம், அது பொன்னாடைக்காரர்களுக்கு. கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், நீல நிறச் சைக்கிளை ஓரமாக நிறுத்துங்கள்.